மீன் தராசில் நிறுத்துப் பின்னிய போர்வை

ஏப்ரல் 15 வந்துவிட்டால், ராமேசுவரம் தீவில் இருக்கும் எங்கள் தங்கச்சிமடத்தில் ஆண்கள் வீட்டோடு இருப்பார்கள். ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். என் வீட்டுக்காரர் பூவரச மரத்தடியில் வலையை விரித்துப்போட்டுக் கிழிந்த இடங்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். நான் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். அவர் கையில் வலை ஊசி, என் கையில் மூங்கில் ஊசி. போன வருடத் தடைக்காலத்தில் நான் பின்னி முடித்தது, உதகையில் நர்ஸ் வேலை கிடைத்துப் போன அண்ணன் மகளுக்கு ஒரு போர்வை. எங்கள் ஊர் மார்கழி வாடைக்கே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திரிந்த பிள்ளை அவள். உதகையில் எப்படி இருப்பாள் என்று அண்ணனுக்குக் கவலை. மதினி ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தார், நான் போர்வை பின்னிக் கொடுத்தேன்.

அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் தங்களுக்கும் சொல்லித்தரக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உட்கார்ந்து காட்ட எனக்குப் பொழுது இல்லை. ஆகவே எழுதிவைக்கிறேன். ஊசியே பிடித்தறியாதவர்களும் பின்னக்கூடிய போர்வை இது.

முதலில் நான் கெடுத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு கன்னியாஸ்திரி அம்மா எங்களுக்குக் குழந்தைத் தொப்பி பின்னக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்தத் தைரியத்தில், கல்யாணமான புதிதில், ஒரே நீட்டில் 180 கண்ணி (ஊசியில் மாட்டும் நூல் வளையம்தான் கண்ணி) ஏற்றி, ஒரு வரிசை நேர்ப்பின்னல் (நூலைக் கண்ணி வழியாக முன்பக்கம் இழுப்பது), ஒரு வரிசை எதிர்ப்பின்னல் (பின்பக்கம் தள்ளுவது) என்று மாற்றி மாற்றி ஒரு போர்வை பின்னினேன். முடித்து எடுத்துப் பார்த்தால் நான்கு ஓரமும் வெயிலில் போட்ட கருவாடு மாதிரி சுருண்டுகொண்டன. நேரும் எதிரும் மாறி வரும் பின்னல் சுருளத்தான் செய்யும், அது அதன் குணம். இஸ்திரி போட்டாலும் திரும்பவும் சுருளும். அதுவும் போதாதென்று, 180இல் தொடங்கியது 191இல் முடிந்திருந்தது. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுக்கம். என் மாமியார் எதுவும் சொல்லவில்லை. மாவரைக்கும் கிரைண்டருக்கு அதை உறையாகப் போட்டுவிட்டார்.

ஆகவே இந்தப் போர்வையில் எதிர்ப்பின்னலே கிடையாது. எல்லா வரிசையும் நேர்ப்பின்னல்தான். முன்னும் பின்னும் ஒரே மாதிரி வரி வரியாக மேடு விழும், சுருளாது, இரண்டு பக்கமும் நல்ல பக்கம். இன்னொன்று, 180 கண்ணியை எண்ணி ஏற்றும் வேலையும் இல்லை. ஒரு மூலையில் வெறும் நான்கு கண்ணியில் தொடங்கி, வரிசைக்கு ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போவோம். பாதிப் போர்வை முக்கோணமாக வளர்ந்து நிற்கும். அங்கிருந்து வரிசைக்கு ஒன்று குறைத்துக்கொண்டே எதிர் மூலைக்கு வந்தால் சதுரம் முடிந்துவிடும்.

மூலையில் தொடங்குவதில் எனக்குப் பிடித்த விஷயம், கை பழகாத நேரத்தில் வரிசை குட்டியாக இருப்பது. பத்துக் கண்ணி வரிசையில் தப்பு வந்தால் மொத்தமாக உருவிவிட்டுத் திரும்பத் தொடங்க மனசு வரும். 180 கண்ணி வரிசையில் வராது. வரிசை நீளமாகும்போது கை பழகியிருக்கும். சலிப்புத் தட்டுகிற நேரத்தில் வரிசை திரும்பவும் குறுகத் தொடங்கும். கடைசி இருபது வரிசையை நான் ஒரு சாயங்காலத்திலேயே முடித்துவிட்டேன், விளக்கு வைக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

நூலுக்கு வருகிறேன். குளிர் ஊருக்குப் போகும் போர்வைக்கு அக்ரிலிக் நூல் போதும். நம் கடைகளில் 'உல்லன்' என்று சொல்லி விற்பது பெரும்பாலும் அதுதான். எடை குறைவு, சீக்கிரம் காயும், விடுதியில் துணி துவைக்கும் இயந்திரத்தில் போட்டாலும் கெடாது. அசல் கம்பளியை நான் பரிசுக்குப் பின்னுவதில்லை. வெந்நீரில் யாராவது அலசிவிட்டால் இறுகிச் சுருங்கி, சட்டிப்பிடி துணி மாதிரி ஆகிவிடும். நம் கரையிலேயே இருப்பவர்களுக்கு என்றால் பருத்தி நூல் வாங்குங்கள். அக்ரிலிக் நம் வெக்கைக்கு உடம்பில் ஒட்டும். ஆனால் பருத்தி கனக்கும், தன் எடையிலேயே தொங்கி நீளும். அதனால் போர்வையைக் கொஞ்சம் சின்னதாக வைத்து, ஊசியிலும் ஒரு அளவு இறங்கிக்கொள்ளுங்கள்.

உருண்டையின் காகிதத்தில் 4 மில்லிமீட்டர் ஊசி என்று போட்டிருக்கும் நடுத்தர நூல் வேண்டும். அதை இரண்டு இழையாகச் சேர்த்துப் பின்னப் போகிறோம். 100 கிராம் உருண்டை பத்து, ஆக ஒரு கிலோ. அத்தனையையும் ஒரே தடவையில் வாங்குங்கள். காகிதத்தில் சாயத்தின் தொகுதி எண் இருக்கும், பத்திலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒரு முறை எட்டு உருண்டை வாங்கிவிட்டு, பதினைந்து நாள் கழித்து அதே கடையில் அதே நீலம் என்று மீதி இரண்டை வாங்கினேன். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. வீட்டு முற்றத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பாக் நீரிணை, மற்றது மன்னார் வளைகுடா.

ஊசி 6.5 மில்லிமீட்டர், வட்ட ஊசி. இரண்டு குட்டி ஊசியை ஒரு நெகிழ்வான வயரால் இணைத்திருக்கும், வயரோடு சேர்த்து 100 சென்டிமீட்டர் நீளம். ராமநாதபுரம் கடைவீதியில் எனக்குக் கிடைக்கவில்லை, இணையத்தில்தான் வரவழைத்தேன். வட்ட ஊசி என்றாலும் வட்டமாகப் பின்னப் போவதில்லை. ஒரு வரிசை முடிந்ததும் திருப்பிப் பிடித்து அடுத்த வரிசை. போர்வையின் கனம் வயரில் இறங்கி மடியில் கிடக்கும், மணிக்கட்டு வலிக்காது. நீட்டு ஊசியில் பின்னினால் கனம் முழுவதும் மணிக்கட்டுக்குத்தான். மூங்கில் ஊசி வாங்குங்கள். இரும்பு ஊசி நம் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது, துரு நூலில் ஏறினால் எந்தச் சோப்புக்கும் போகாது. மூங்கில் ஈரக்காற்றில் லேசாகப் பிசுபிசுக்கும், மெழுகுவத்தியைத் தேய்த்துத் துணியால் துடைத்தால் சரியாகிவிடும்.

இவை தவிர ஒரு கத்தரிக்கோல், நாலைந்து ஊக்கு, ஒரு கோணி ஊசி. கோணி ஊசியின் முனையை அம்மிக்கல்லில் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இழையைப் பிளக்கும். பிறகு தராசு. எங்கள் வீட்டில் மீன் நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது, அதையே எடுத்துக்கொண்டேன். நன்றாகக் கழுவி, புளி போட்டுத் துடைத்து, மேலே செய்தித்தாள் விரித்த பிறகுதான். நூலில் ஒரு தடவை மீன்வாடை ஏறினால் உதகை வரைக்கும் போகும்.

இரண்டு உருண்டையை இரண்டு ஓலைக் கொட்டானில் தனித்தனியே போடுங்கள், ஒன்றோடொன்று சிக்காது. கொட்டானுக்குள் பழைய துணி ஒன்றை விரித்துக்கொண்டால் ஓலையின் ஓரம் இழையைப் பிராண்டாது. மடியிலும் ஒரு பழைய வேட்டி. நம் ஊர் மணல் எங்கே உட்கார்ந்தாலும் கூடவே வரும்.

இனி பின்னல். இரண்டு இழையையும் சேர்த்துப் பிடித்து, ஒரு சாண் நுனி விட்டு, ஒரு சுருக்கு போட்டு ஊசியில் மாட்டுங்கள். அது முதல் கண்ணி. நூலைக் கட்டைவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்த வளையத்தை ஊசியில் ஏற்றி இழுத்தால் இரண்டாவது. இன்னும் இரண்டு ஏற்றினால் நான்கு. அவ்வளவுதான் தொடக்கம்.

நேர்ப்பின்னலுக்குக் கண்ணிகள் இருக்கும் ஊசி இடது கையில், வெறும் ஊசி வலது கையில். நூல் பின்பக்கம் இருக்க வேண்டும். வலது முனையை இடது ஊசியின் முதல் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழையுங்கள். பின்னால் கிடக்கும் நூலை அந்த முனையில் கீழிருந்து மேலாக ஒரு சுற்று. அந்தச் சுற்றைக் கண்ணி வழியாக முன்பக்கம் இழுங்கள். பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து கழற்றிவிடுங்கள். நுழை, சுற்று, இழு, கழற்று. முதல் நாள் இதை வாய்விட்டே சொல்லிக்கொண்டு பின்னுங்கள், யாரும் சிரித்தால் சிரிக்கட்டும்.

நூலை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்று எல்லாரும் கேட்பார்கள். தூண்டில் கயிறு பிடித்திருக்கிறீர்களா? மீன் தொட்டால் விரலுக்குத் தெரிய வேண்டும், இழுத்தால் கயிறு ஓட வேண்டும். அந்தப் பிடிதான். சுண்டுவிரலில் ஒரு சுற்று, ஆள்காட்டி விரலுக்கு மேலாக ஊசிக்கு. கை வியர்த்தால் கொஞ்சம் பவுடர் தடவிக்கொள்ளலாம்.

முதல் வரிசையில் நான்கையும் நேராகப் பின்னுங்கள். அடுத்த வரிசையிலிருந்து கூட்டல். இரண்டு கண்ணி பின்னிவிட்டு, நூலை இரண்டு ஊசிக்கும் நடுவாக முன்பக்கம் கொண்டுவாருங்கள். அது முன்னால் இருக்கும்போதே அடுத்த கண்ணியைப் பின்னுங்கள். நூல் வலது ஊசியின் மேலாகப் பின்பக்கம் போகும், போகிற வழியில் ஊசி மேல் ஒரு சுற்று உட்காரும். அதுதான் கூடுதல் கண்ணி. இதை நான் 'நூல் ஏற்றுவது' என்று சொல்வேன். மீதி எல்லாம் நேர்ப்பின்னல். நான்கு ஐந்தாகிவிட்டது. திருப்பிப் பிடித்து அடுத்த வரிசையிலும் இதேதான்: இரண்டு பின்னல், நூல் ஏற்று, மீதி நேர். வேறு எதுவும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். நூல் ஏற்றிய இடங்களில் எல்லாம் ஒரு சிறு துளை விழும், அது ஓரம் நெடுகச் சரம் போல வரும். அலங்காரத்துக்கு வேறு தனி வேலை தேவையில்லை.

வரிசையின் முதல் கண்ணியில் ஒரு பொறி இருக்கிறது. திருப்பிப் பிடிக்கும்போது நூலை ஊசிக்கு மேலாகத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டால், அந்தக் கண்ணி இழுபட்டு அதன் இரண்டு காலும் மேலே வந்து, இரண்டு கண்ணி போலத் தெரியும். தெரியாதவர்கள் இரண்டாகவே பின்னிவிடுவார்கள். என் 180, 191 ஆனது இப்படித்தான், எனக்கு அது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. நூல் எப்போதும் ஊசிக்குக் கீழாகப் பின்பக்கம் போக வேண்டும்.

30 கண்ணி வந்ததும் நிறுத்தி அளந்து பாருங்கள். கண்ணிகளை இழுக்காமல் தட்டையாக வைத்தால் 10 சென்டிமீட்டருக்கு 14 கண்ணி வர வேண்டும். 17, 18 வந்தால் நீங்கள் இறுக்கமாகப் பின்னுகிறீர்கள், போர்வை பாய் மாதிரி விறைப்பாக நிற்கும். 7 மில்லிமீட்டர் ஊசிக்கு மாறுங்கள். 11, 12 என்றால் தளர்வு, 6க்கு இறங்குங்கள். இந்தக் கட்டத்தில் உருவிவிட்டுத் தொடங்குவதற்கு வெட்கப்பட வேண்டாம், அரை மணி நேர வேலைதான் வீணாகும்.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முடிச்சே இல்லையே, இது எப்படி நிற்கும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. வலையிலும் கண்ணிதான், பின்னலிலும் கண்ணிதான். ஆனால் வலையில் ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சு இருக்கிறது. ஒன்று அறுந்தாலும் அடுத்தது நிற்கும். இதில் ஒரு கண்ணி இன்னொரு கண்ணியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது, அவ்வளவே. அதனால்தான் இது இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கி, உடம்போடு ஒட்டிப் படுக்கிறது. அதனால்தான் ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவினால் அதன் கீழே உள்ளதும் நழுவி ஏணி விழுகிறது. நழுவியதைப் பார்த்த உடனே ஓர் ஊக்கை அதில் மாட்டிப் பூட்டிவிடுங்கள், அது மேற்கொண்டு ஓடாது. ஒரே ஒரு படி இறங்கியிருந்தால் ஊசி நுனியாலேயே தூக்கிவிடலாம். நாலைந்து படி என்றால் அந்த வரிசைகளை உருவிவிடுவதுதான் சுத்தம். நூல் ஏற்ற மறந்துபோனால் பதற வேண்டாம். அடுத்த வரிசையில் அந்த இடத்துக்கு வரும்போது, இரண்டு கண்ணிக்கு நடுவில் குறுக்கே கிடக்கும் இழையைத் தூக்கி இடது ஊசியில் மாட்டினால் அதுவே கண்ணியாகிவிடும்.

உருண்டை தீர்ந்து புதியது சேர்க்கும்போதும் அவர் முடிச்சுதான் போடச் சொன்னார். போடாதீர்கள். முடிச்சு உடம்பில் உறுத்தும், துவைக்கத் துவைக்க மேலே வந்து துருத்தும். பழைய நூலில் ஒரு சாண் மிச்சம் வைத்து, புதிய நூலிலும் ஒரு சாண் விட்டு, அடுத்த கண்ணியிலிருந்து புதியதில் பின்னுங்கள். ஓரத்தில் துளைச்சரம் இருப்பதால் ஓரத்தில் சேர்க்காமல், ஏழெட்டுக் கண்ணி உள்ளே தள்ளிச் சேர்த்தால் நுனி மறைக்க இடம் கிடைக்கும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் தீர்ந்தால் அங்கே தடிக்கும். அதனால் தொடக்கத்திலேயே ஒரு உருண்டையிலிருந்து பத்துப் பதினைந்து முழம் வெட்டித் தனியே வைத்துவிடுங்கள்.

இப்போது தராசு. நேர்ப்பின்னலில் இரண்டு வரிசை சேர்ந்து ஒரு கண்ணி அகலத்துக்கு உயரும், அதனால் வரிசைக்கு ஒன்று கூட்டினால் மூலை சரியாகச் செங்கோணமாக வளரும். கூட்டும் பாதிக்கும் குறைக்கும் பாதிக்கும் ஒரே அளவு நூல்தான் பிடிக்கும். ஆகவே எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம். 180 கண்ணியைத் தாண்டியதும், பின்னாமல் மீதி இருக்கும் நூல் முழுவதையும், பாதியில் இருக்கும் உருண்டையோடு சேர்த்து நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோவில் 520 கிராம் மிச்சம் இருக்கும்போது கூட்டலை நிறுத்திவிட வேண்டும். சரிபாதியில் நிறுத்தினால் கடைசி மூலையில் ஒரு முழம் நூல் குறைந்து நிற்கிற அபாயம் உண்டு, அந்த 20 கிராம் அதற்காக. நடுப்பகுதியில் ஒரு வரிசைக்கு நாலரை கிராம் போல இறங்கும், அதனால் நாலு வரிசைக்கு ஒரு தடவை நிறுத்தால் போதும். எனக்கு 220 கண்ணியில் 520 வந்தது. பக்கம் 112 சென்டிமீட்டர், சோபாவில் உட்கார்ந்து கால்வரை போர்த்திக்கொள்ளச் சரியான அளவு.

குறைக்கும் வரிசை இப்படி: முதல் கண்ணியைப் பின்னுங்கள். அடுத்த இரண்டுக்குள்ளும் ஊசியை ஒரே சமயத்தில் நுழைத்து ஒன்றாகப் பின்னுங்கள். நூல் ஏற்றுங்கள். அடுத்த இரண்டையும் அதே மாதிரி ஒன்றாக்குங்கள். மீதி நேர். இரண்டு குறைந்து ஒன்று கூடுவதால் மொத்தத்தில் ஒன்று குறையும், துளைச்சரமும் விட்டுப்போகாது. எல்லா வரிசையும் இதே. ஊசியில் நான்கு கண்ணி மிஞ்சும்போது முடிக்கலாம். இரண்டு கண்ணியைப் பின்னி, முதலாவதை இரண்டாவதின் தலைக்கு மேலாகத் தூக்கிக் கழற்றுங்கள். இன்னொன்று பின்னி, திரும்பவும் கழற்றுங்கள். கடைசி ஒரு கண்ணி மிஞ்சும்போது ஒரு சாண் விட்டு நூலை வெட்டி, அந்த நுனியைக் கண்ணிக்குள் விட்டு இழுத்தால் பூட்டிக்கொள்ளும்.

மொத்தம் 48 ஆயிரத்துச் சொச்சம் கண்ணி. பயப்படாதீர்கள். கொஞ்சம் பழகிய கை மணிக்கு ஆயிரம் கண்ணி பின்னும். தினமும் ஒரு மணி நேரம் என்றால் 48 நாள், ஒரு தடைக்காலத்துக்குள் அடங்கிவிடும். படகு கடலுக்குப் போகிற காலத்தில் ஐஸ், டீசல், கணக்கு என்று ஓடிக்கொண்டிருப்பவர்கள் தீபாவளிக்குக் கொடுக்க வேண்டும் என்றால் வைகாசியிலேயே தொடங்கிவிடுங்கள்.

நுனிகளைக் கோணி ஊசியில் கோத்து, மேடுகளுக்கு இடையே ஒரு பக்கமாக நாலு விரல், திரும்பி எதிர்ப்பக்கமாக நாலு விரல் ஓட்டி வெட்டுங்கள். பருத்தி நூல் வழுக்கும், அதில் மூன்றாவது தடவையும் திரும்ப வேண்டும். இது எனக்குப் பிடிக்காத வேலை, என் மகளை உட்காரவைத்துவிட்டேன்.

பிறகு அலசல். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் படியும். குடத்தில் பிடித்த காவிரித் தண்ணீரில்தான் இதை அலசினேன். பிழிந்து முறுக்காமல், துண்டில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுங்கள். கொடியில் தொங்கப்போட்டால் ஒரு பக்கம் நீண்டுவிடும். கயிற்றுக்கட்டில்தான் இதற்கென்றே செய்த மாதிரி: மேலேயும் கீழேயும் காற்று. நிழலில் போட்டு, கையால் இழுத்துச் சதுரமாக்கிவிடுங்கள். மொட்டைமாடியில் கருவாடு காய்கிற நாளில் போடாதீர்கள். அக்ரிலிக்குக்கு இஸ்திரி வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் இழை உருகித் துவண்டு, ஈரத்துணி போலத் தொங்கும், அதற்குப் பிறகு அதை மீட்க முடியாது. பரிசு பெறுபவர் ஹீட்டர் வைத்திருந்தால் அதன் மேல் போடக்கூடாது என்றும் சொல்லிவிடுங்கள். பிறந்த குழந்தைக்குப் பின்னுவதாக இருந்தால், தூங்கும்போது போர்த்தும் துணியாக இதைக் கொடுக்காதீர்கள். துளைகளில் விரல் மாட்டும், முகத்தில் விழுந்தால் குழந்தையால் தள்ளவும் முடியாது.

மடித்து மஞ்சள் பையில் வைத்து, எப்படித் துவைப்பது என்று நாலு வரி எழுதி உள்ளே போட்டேன். மீதி 40 கிராம் நூலையும் சின்ன உருண்டையாகச் சுற்றிக் கூடவே வைத்தேன், எங்காவது அறுந்தால் சேர்த்துக்கொள்ள. வீட்டுத் தராசில் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ 85 கிராம். தபால் நிலையத்தில் அவர்கள் தராசில் வைத்தபோது ஒரு கிலோ 90. மேலே ஒட்டிய டேப்பாக இருக்கும்.